செங்கா பர்டிக்குத் தொட்டி கிடைத்த கதை

செங்கா பர்டி பிறந்தது படிக்கட்டில். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. கிளாஸ்கோ நகரத்தில், மர்டாக் தெரு முப்பத்தேழாம் வாசலில், முதல் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்குப் படி திரும்பும் இடத்தில், மூன்று குடும்பத்துக்குப் பொதுவான கழிப்பறைக் கதவுக்கு நேர் எதிரே பிறந்தாள். அன்றைக்குப் படி கழுவும் முறை அவள் அம்மாவுடையது. 'இது உங்கள் முறை' என்று எழுதிய அட்டை கதவுக் கைப்பிடியில் தொங்கிவிட்டால் எங்கள் ஊரில் அதைத் தட்டிக்கழிக்கச் சாவு ஒன்றுதான் செல்லுபடியாகும் காரணம். பிரசவ வலி அந்தப் பட்டியலில் இல்லை. "இன்னும் ஏழு படிதான் இருக்கு, முடிச்சிட்டு வந்துடறேன்" என்றாளாம் அம்மா. நாலு படி முடிந்தபோது செங்கா வந்துவிட்டாள். மிச்சம் மூன்று படியை எதிர்வீட்டுக்காரி கழுவினாள். கழுவிவிட்டு இருபது வருஷம் அதைச் சொல்லிக்காட்டினாள்.

இப்படிப் பிறந்தவளுக்குப் படி என்றால் சும்மாவா? சோடா உப்புப் போட்டுத் தேய்த்து, வாளி வாளியாக அலசி, கடைசியில் ஒவ்வொரு படியின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் களிக்கட்டியால் சுருள் சுருளாக ஒரு கோலம் இழுப்பாள் பாருங்கள், தெருவில் போகிறவன் நின்று எட்டிப் பார்ப்பான். பார்க்கலாம், ஏறக்கூடாது. ஈரப்படியில் கால் வைத்தவனை அந்த வாசலில் மனிதப் பிறவியாக யாரும் எண்ணுவதில்லை. ஒருமுறை மூன்றாம் மாடியில் புகைபோக்கி தீப்பிடித்துத் தீயணைப்புக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவர்களே சுவரோரமாகக் காய்ந்த இடம் பார்த்து, நுனிக்காலால்தான் ஏறினார்கள். தீ எரிந்தது. படி பிழைத்தது.

இருபது வயதில் செங்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராப் பர்டி, பேருந்து நடத்துநர். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவில் ஒரு முழுக் கதையைச் சொல்லி முடிக்கக்கூடியவன். பயணிகள் இறங்க மறந்துபோவார்கள். கம்பளத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் நூல் முடிந்தாள் செங்கா. இரண்டு பெண்களைப் பெற்றாள். தரைத்தளத்தில் ஒரு சமையலறையும் ஓர் அறையும்தான் வீடு. சமையலறைச் சுவரில் பொந்துபோலக் குடைந்த இடத்தில் கட்டில், அதற்குப் பக்கத்தில் நிலக்கரிப் பெட்டி. அதிலெல்லாம் அவளுக்குக் குறையில்லை. குறை ஒன்றே ஒன்றுதான். குளியல்.

தெருக்கோடியில் மாநகராட்சிக் குளியல்கூடம் இருந்தது. வரிசையாகத் தடுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி. ஆனால் குழாய் உள்ளே கிடையாது. தடுப்புக்கு வெளியே, நடையில், குழாய்ச் சாவி வைத்திருக்கும் ஒருத்தி கையில். உள்ளே இருக்கிறவள் கத்தணும்.

"ஏழாம் நம்பருக்குச் சுடுதண்ணி!"

"வருது, வருது!"

"போதும்! ஐயோ, போதும்டி! வெந்துட்டேன்!"

"நீதானே கேட்டே?"

இருபது நிமிஷம் ஆனதும் அந்தச் சாவியாலேயே கதவில் டக் டக் டக். "ஏழு! நேரமாச்சு! வெளிய வா!" தலையில் சோப்பு இருந்தாலும் வரணும். பதினைந்து வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் ஏழாம் எண்ணாகவே இருந்தாள் செங்கா. அவளுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்ததைக் கேட்டால் இப்படித்தான் சொல்வாள்: "குழாயை நான் திருப்பணும். கதவை ஒருத்தியும் தட்டக்கூடாது. அவ்வளவுதான்."

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பதினேழு வருஷம் கழித்து ஒரு வசந்த காலத்தில் அறிவிப்பு வந்தது. மர்டாக் தெரு முழுவதையும் இடித்துத் தள்ளப்போகிறார்கள். அதற்குப் பதிலாக இருபது மாடிக் கோபுரங்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் மாதிரி ஒன்றை மேஜைமேல் வைத்திருந்தார்கள். வெள்ளை வெள்ளைப் பெட்டிகள், சுற்றிலும் பச்சைப் பஞ்சில் செய்த மரங்கள், மரத்தடியில் விரல்நகம் அளவுக்கு மனிதர்கள். அந்த மனிதர்கள் யாரிடமும் நிலக்கரி வாளி இல்லை. நகரத் திட்ட அதிகாரி ஒருவர் குச்சியால் சுட்டிக்காட்டிப் பேசினார். நூறு வருஷமாக இருளில் வாழ்ந்த மக்கள் வெளிச்சத்துக்கு வரப்போகிறார்கள் என்றார். இருளில் வாழ்ந்த மக்கள் முன்வரிசையில் உட்கார்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள்.

செங்கா எழுந்தாள். "ஐயா, குளியல் தொட்டி எங்கே?"

"ஒவ்வொரு வீட்டிலும் உண்டு, அம்மா."

"குழாய்?"

"இரண்டு. சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர்."

"உள்ளேயா, வெளியேயா?"

அதிகாரிக்குக் கேள்வி புரியவில்லை. "உள்ளேதான். வேறு எங்கே இருக்கும்?" என்றார். மண்டபத்தில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே மூச்சாக 'ஹா' என்றார்கள். தன் பேச்சுக்குத்தான் அந்த வரவேற்பு என்று அவர் கடைசிவரை நினைத்திருந்தார்.

ஆனால் கோபுரத்தில் எல்லாருக்கும் இடமில்லை. முதலில் மாநகராட்சியிலிருந்து ஓர் அம்மாள் வருவாள். வீட்டைப் பார்ப்பாள், மெத்தைத் தையலைப் பிரித்து மூட்டைப்பூச்சி தேடுவாள், பாத்திரத்தை முகர்வாள், குறிப்பேட்டில் எழுதுவாள். 'மிகச் சுத்தம்' என்றோ 'சுத்தம்' என்றோ எழுதினால் கோபுரம், தொட்டி. 'சுமார்' என்றால் ஊருக்கு வெளியே யாரோ காலிசெய்த பழைய வீடு. அதற்கும் கீழே என்றால் இன்னொரு மர்டாக் தெரு. முப்பத்தைந்தாம் வாசலில் ஒருத்திக்கு வாணலி அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததற்காகச் 'சுமார்' விழுந்துவிட்டதென்று ஊரே பேசிக்கொண்டது. அவள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள் என்றும், வாணலியைத் தூக்கிப் போட்டுவிட்டாள் என்றும், வாணலி புருஷன்மேல் விழுந்தது என்றும் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

முப்பத்தேழாம் வாசலில் அப்போது நாலு குடும்பம்தான் மிச்சம், ஒன்றன்மேல் ஒன்றாக. தரைத்தளத்தில் செங்கா. முதல் மாடியில் பிரைடி ஹூலிகன்: அயர்லாந்துக் குடும்பம், ஆறு பிள்ளைகள், ஆறில் ஒன்று எப்போதும் எதையாவது கடித்துக்கொண்டிருக்கும். இரண்டாம் மாடியில் தனியாள் கூர்லே, நாற்பது வருஷம் கப்பல்துறையில் கயிறு கட்டி ஓய்வுபெற்றவர். மூன்றாம் மாடியில் திருமதி லாக்கி. அவள் பேச ஆரம்பித்தாலே 'எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும்' என்றுதான் ஆரம்பிப்பாள். வீட்டுக்காரர் சாகவில்லை, வேறொருத்தியோடு கனடாவில் இருந்தார்.

செய்தி வந்த அன்றே பிரைடி இறங்கி வந்து செங்காவின் நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். "எனக்குச் 'சுமார்' கூடக் கிடைக்காது, செங்கா. என் வீட்ல நல்லதா ஒரு விரிப்பு உண்டா? திரை உண்டா? இருந்த கோப்பையையும் பசங்க ஃபுட்பால் ஆடிட்டானுங்க."

"சுத்தமா இருந்தாப் போதாதா?"

"ஆறு பிள்ளை பெத்தவகிட்ட கேக்குற கேள்வியாடி இது?"

செங்கா யோசித்தாள். அவளிடம் நல்லது நாலு இருந்தது. வெள்ளைக் கட்டில்விரிப்பு ஒன்று, பின்னல் திரை ஒரு ஜோடி, சிவப்புக் கம்பளம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்பு மாடத்தில் அம்மா விட்டுப்போன பீங்கான் நாய்கள் இரண்டு: வெள்ளை உடம்பு, கழுத்தில் தங்கச் சங்கிலி, ஒன்றுக்கு இடது காது கொஞ்சம் உடைந்தது. அந்த நாய்கள் உட்கார்ந்தால் எந்த மாடமும் கௌரவமாகிவிடும்.

"நாலு வீட்டுக்கும் இது போதும்" என்றாள். "முப்பத்தஞ்சுல அந்த அம்மா கீழேயிருந்துதான் ஆரம்பிச்சா. முதல்ல என் வீடு. பார்த்துட்டு வெளிய வந்ததும் சாமானெல்லாம் பின்ஜன்னல் வழியா உன் வீட்டுக்கு. அப்புறம் கூர்லே அண்ணன் வீட்டுக்கு. அப்புறம் லாக்கியம்மாவுக்கு. அவ படியில ஏற ஏற, இதுங்க வெளியில ஏறும்."

"உனக்கெதுக்குடி இந்த வம்பு? உனக்குத்தான் கண்ணை மூடிக்கிட்டு 'மிகச் சுத்தம்' போட்டுடுவாளே?"

"நான் மட்டும் கோபுரத்துக்குப் போய் அங்க யார்கூட சண்டை போடுறது?" என்றாள் செங்கா.

கூர்லே அண்ணனுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. மூன்றாம் மாடி ஜன்னலில் கப்பி மாட்டினார். வடக்கயிறு, பெரிய சலவைக் கூடை, இழுக்க ஒரு முடிச்சு, நிறுத்த ஒரு முடிச்சு. சமையலறை ஜன்னல்கள் நாலும் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று. இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. முதல் நாள் ஒத்திகையில் பிரைடியின் கைக்குழந்தையே ஒருமுறை கூடையில் ஏறி இரண்டாம் மாடிவரை போய்ச் சிரித்துக்கொண்டே திரும்பியது. "நாப்பது வருஷம் கப்பல்ல கயிறு கட்டினவன்" என்று கூர்லே அண்ணன் அரைமணிக்கு ஒருமுறை அறிவித்தார்.

அந்த நாளும் வந்தது. மே மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. செங்கா விடியற்காலையிலேயே அடுப்பைக் கரிமெழுகு போட்டு முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று துடைத்திருந்தாள். துடைத்ததைப் பற்றவைக்க மனசு வரவில்லை. ராபுக்கு அன்றைக்கு ரொட்டியும் ஜாமும்தான். தேநீர் கூடக் கிடையாது. தேநீர் இல்லாத ராப் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அவன்தான் முதலில் பார்த்தான்.

"வந்துட்டா! சாம்பல் தொப்பி! வர்றா!"

அந்தச் செய்தி ஜன்னல் ஜன்னலாக மூன்றாம் மாடிக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் அந்த அம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். பெயர் மிஸ் கின்னேர்ட். நெட்டை உருவம், ஐம்பது வயதிருக்கும், கையில் கறுப்பு அட்டை போட்ட குறிப்பேடு. செங்கா கதவைத் திறந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "உள்ள வாங்க, மிஸ்" என்றாள்.

"இல்லம்மா, மேலேயிருந்து வர்றேன். முப்பத்தஞ்சுல கீழேயிருந்து ஏறி முட்டி விட்டுப்போச்சு. முதல்லயே மேல போயிட்டா அப்புறம் இறங்குறதுதானே?"

செங்காவின் சிரிப்பு முகத்திலேயே உறைந்துபோனது. நாய்கள் தரைத்தளத்தில். மூன்றாம் மாடியில் லாக்கியம்மாவின் மாடம் காலி. மிஸ் கின்னேர்ட் படியை நோக்கித் திரும்பிவிட்டாள். இன்னும் நாலடி. மூன்றடி.

கதவுக்குப் பின்னால் இருந்த வாளியை எடுத்தாள் செங்கா. ஓடினாள். முதல் படியிலிருந்து திருப்பம்வரை, ஒரே வீச்சு!

"மிஸ்! படி ஈரம்!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. அந்தக் கணத்தில்தான் செங்காவுக்கு ஒன்று தெரிந்தது. இந்த அம்மாளும் இப்படிப்பட்ட ஒரு வாசலில்தான் பிறந்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் தண்ணீரைத் தாண்டிக்கொண்டு போயிருப்பார்கள். மிஸ் கின்னேர்ட் காலை மெதுவாகப் பின்னால் இழுத்து, தரையில், காய்ந்த இடத்தில் வைத்தாள்.

"மன்னிக்கணும். கவனிக்கலை. உங்க முறையா?"

"ஆமா, மிஸ்" என்றாள் செங்கா. பச்சைப் பொய். முறை லாக்கியம்மாவுடையது. அட்டை அவள் கதவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்தவள் முறையைப் பிடுங்குவது எங்கள் ஊரில் அடுத்தவள் புருஷனைப் பிடுங்குவதைவிட ஒரு படி மேலான குற்றம்.

"எவ்வளவு நேரத்துல காயும்?"

"பத்து நிமிஷம், மிஸ். ராப்! மிஸ்கூட பேசிக்கிட்டிரு!"

இப்படி ஒரு உத்தரவுக்காக ராப் பர்டி பிறந்ததிலிருந்தே காத்திருந்தான். அவன் பேருந்துக் கதையில் ஆரம்பித்தான். செங்கா உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினாள். விரிப்பைச் சுருட்டினாள், திரையைப் பிடுங்கினாள், கம்பளத்தை உருட்டினாள், நாய்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"மேலே! மேலேயிருந்து வர்றா! எல்லாம் மூணாவது மாடிக்கு!"

"என்னது?" என்றது மேலேயிருந்து பிரைடியின் தலை.

"தலைகீழ்! எல்லாம் தலைகீழ்! இழுங்க!"

கூடை ஏறியது. பிரைடி கைகொடுத்தாள், கூர்லே அண்ணன் 'ஏலோ, ஏலோ' என்றார், லாக்கியம்மா ஜன்னலில் பாதி உடம்பைத் தொங்கவிட்டு வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டே கேட்டாள்: "படியில தண்ணி ஊத்தினது யாரு? அது என் முறை!"

"அப்புறம் சண்டை போடலாம், லாக்கியம்மா!"

"கட்டாயம் போடுவேன்!"

வாசலில் ராப் பேருந்தை முடித்துத் தன் முதுகுவலிக்கு வந்து, முதுகுவலியிலிருந்து காலைச் சாப்பாட்டுக்குத் தாவியிருந்தான். "நீங்களே சொல்லுங்க, மிஸ், ஒரு மனுஷன் தேநீர் இல்லாம வேலைக்குப் போக முடியுமா? அடுப்பையே பத்தவைக்கலை. துடைச்சு வச்சிட்டாளாம்!" மிஸ் கின்னேர்ட் தலையை மட்டும் ஆட்டினாள். படி காய்ந்தது. ஏறினாள்.

செங்கா தன் வீட்டுக்கு நடுவில் நின்றாள். நாற்காலிகள் கூடையில் போகாது என்பதால் அவை மட்டும் தப்பியிருந்தன. மற்றபடி வெறும் தரை, வெறும் கட்டில், வெறும் ஜன்னல், வெறும் மாடம். மாடத்தில் நாய்கள் உட்கார்ந்த இடம் இரண்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தன. மேலே காலடிச் சத்தம். மூன்றாம் மாடி. கதவு. பிறகு ஜன்னலுக்கு வெளியே கூடை இறங்கும் கிறீச். இரண்டாம் மாடி. மறுபடி கதவு. கூர்லே அண்ணனின் குரல்: "நாப்பது வருஷம், மிஸ்..." கிறீச். முதல் மாடி. செங்காவின் தலைக்கு நேர் மேலே குழந்தை ஒன்று தொப்பென்று விழுந்தது, அழுதது, சிரித்தது. இனி ஒரே ஒரு இறக்கம். ஒரே ஒரு கூடை. அது வந்து சேர்ந்தால் விரிப்பை எறிந்து, திரையை மாட்டி, நாய்களை வைத்துவிடலாம். படியில் இறங்குகிறவளுக்கு இருபத்திரண்டு படி. கூடைக்கு ஒரே ஒரு மாடி. ஜெயித்துவிடலாம்!

மேலே பிரைடியின் கதவு மூடியது. மிஸ் கின்னேர்டின் செருப்பு படியில் டொக், டொக். கூடை கிறீச்சென்று புறப்பட்டது. ஜன்னலுக்கு மேல்விளிம்பில் அதன் அடிப்பாகம் தெரிந்தது. வா, வா, வா என்றாள் செங்கா. கூடை பாதி ஜன்னலுக்கு வந்தது.

நின்றது.

"இழு!" என்றார் கூர்லே அண்ணன்.

"இழுக்குறேனே! மாட்டிக்கிச்சு!" என்றாள் லாக்கியம்மா.

"என்னத்தைப் போட்ட அதுல, பிரைடி? இவ்வளவு கனமா?"

"ஒண்ணுமில்லை!" என்றது பிரைடியின் குரல், ஒன்றுமில்லாதவள் சொல்கிற மாதிரி இல்லாமல்.

கப்பியிலிருந்து கயிறு நழுவி ஓரமாகச் சிக்கியிருந்தது. கூடை ஒருபக்கமாகச் சாய்ந்து, செங்காவின் முகத்துக்கு நேரே ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளை விரிப்பின்மேல் இரண்டு பீங்கான் நாய்கள் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தன. அவற்றுக்கு நடுவில் பிரைடி வீட்டுக் கஞ்சிப் பாத்திரம். கழுவாதது. விளிம்பெல்லாம் ஓட்ஸ் கஞ்சி வழிந்து, கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. அந்த அம்மாள் முதல் மாடிக்குள் நுழைந்த கடைசி நிமிஷத்தில் அதை ஒளிக்க, காலிக்கூடையைத் தவிர பிரைடிக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

செங்கா ஜன்னலைத் தூக்குவதற்குள் கதவு தட்டப்பட்டது. மிஸ் கின்னேர்ட் உள்ளே வந்தாள்.

வேலையைப் பார்த்தாள். மெத்தைத் தையலைப் பிரித்தாள். கட்டிலுக்குப் பின்னால் சுவர்க்காகிதத்தின் மூலையை நகத்தால் நெம்பினாள். நிலக்கரிப் பெட்டியைத் தூக்கி அடியில் பார்த்தாள். பிறகு ஜன்னல்பக்கம் திரும்பினாள்.

"திருமதி பர்டி, ரெண்டு நாய் நம்மைப் பார்த்துக்கிட்டிருக்கு."

"ஆமா, மிஸ்."

"இதுங்களை எனக்குத் தெரியும். மூணாவது மாடியில பார்த்தேன். ரெண்டாவதுல பார்த்தேன். முதல் மாடியில ஒரு குழந்தை இதோட காதைக் கடிச்சுக்கிட்டிருந்துச்சு."

"அந்தக் காது முன்னாடியே உடைஞ்சது, மிஸ்!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் செங்கா.

மேலே மூன்று ஜன்னலில் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கீழே கேட்டது.

"இந்தப் பாத்திரம் யாரோடது?"

ஒரே ஒரு வார்த்தைதான். 'பிரைடி' என்றால் தொட்டி நிச்சயம், குழாய் இரண்டும் உள்ளே. ஆறு பிள்ளைகளும் இன்னொரு மர்டாக் தெருவுக்கு. 'என்னுடையது' என்றால் ஏழாம் எண், டக் டக் டக், நேரமாச்சு, வெளிய வா. சாகிறவரைக்கும். செங்கா வாளியைப் பார்த்தாள், வெறும் மாடத்தைப் பார்த்தாள், நாய்களைப் பார்த்தாள். நாய்கள் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னோடது."

"கஞ்சியா?"

"கஞ்சிதான், மிஸ்."

"நீங்க காய்ச்சினதா? இன்னிக்குக் காலையில?"

"ஆமா."

மிஸ் கின்னேர்ட் ஜன்னல் கண்ணாடியைத் தூக்கிக் கையை நீட்டிப் பாத்திரத்தைத் தொட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், அவ்வளவு சூடு. பிறகு நடந்து போய்ச் செங்காவின் அடுப்புமேல் உள்ளங்கையை வைத்தாள். அடுப்பு சில்லென்று இருந்தது. கையைப் புரட்டிப் பார்த்தாள். கரி ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள். நீளமாக எழுதினாள். செங்கா பார்க்கிறாள் என்று தெரிந்து குறிப்பேட்டை மார்புப்பக்கம் சாய்த்துக்கொண்டே எழுதினாள். எழுந்து கதவுவரைக்கும் போய், "படியோரத்துல இருக்கிற அந்தச் சுருள்? யார் போட்டது?" என்று கேட்டாள்.

"நான்தான், மிஸ்."

"எங்க அம்மா மீன்முள் மாதிரி போடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஆறு வாரம் செங்கா பிரைடியோடு பேசவில்லை. பிரைடி தினமும் ஜன்னலிலிருந்து "செங்கா, திட்டவாவது திட்டு!" என்று கெஞ்சினாள். லாக்கியம்மா பிடுங்கப்பட்ட தன் முறையைப் பற்றிப் படியில் நின்று தினமும் பேசினாள். கூர்லே அண்ணன் கப்பியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, நாற்பது வருஷத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் செங்கா துண்டை எடுத்துக்கொண்டு குளியல்கூடத்துக்குப் போனாள்.

ஜூலையில் ஒரு காலை, தபால்காரர் நாலு பழுப்பு உறைகளோடு வாசலில் நுழைந்தார். செங்கா தன் உறையைக் கிழிக்கப் பயந்து ராபிடம் கொடுத்தாள். ராப் கண்ணாடி தேடப் போனான். தேடிக்கொண்டே அவன் கதை சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவளே கிழித்துவிட்டாள்.

"பதினாலாம் மாடி!"

அவள் போட்ட கூச்சலில் எதிர்த்தெருப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. அது அடங்குவதற்குள் மேலேயிருந்து இன்னொன்று: "பதினாலாம் மாடி! எனக்கும்! மூணு அறை!" பிரைடி கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தாள். கூர்லே அண்ணன் பதின்மூன்று, லாக்கியம்மா பதினைந்து. நாலு பேரும் ஒரே கோபுரம்! படித்திருப்பத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். அப்போதுதான் லாக்கியம்மா கீழே பார்த்து அலறினாள். படி ஈரம். அன்றைக்கு அவள் முறை.

குடிபோகிற நாளில் மாநகராட்சியின் பூச்சிமருந்து வண்டி வந்தது. மெத்தை, மேஜை, துணிமணி எல்லாம் அதில் ஏறிப் புகை குடித்த பிறகுதான் புது வீட்டுக்குப் போகலாம். வண்டிக்காரன் கையில் பட்டியல் வைத்துக்கொண்டு சாமானைச் சரிபார்த்தான். சரிபார்த்தவன் தலையைச் சொறிந்தான்.

"லாக்கி வீடு: மிகச் சுத்தம், பீங்கான் நாய் ரெண்டு. கூர்லே வீடு: மிகச் சுத்தம், பீங்கான் நாய் ரெண்டு. ஹூலிகன் வீடு: சுத்தம், பீங்கான் நாய் ரெண்டு. பர்டி வீடு: மிக மிகச் சுத்தம், பீங்கான் நாய் ரெண்டு. மொத்தம் எட்டு நாய். ஏம்மா, இங்க ரெண்டுதான் இருக்கு. மிச்சம் ஆறு?"

"ஓடிப்போச்சு" என்றாள் செங்கா.

"என்ன எழுதட்டும்?"

"ஓடிப்போச்சுன்னே எழுதுங்க."

அவன் எழுதினான். அரசாங்கக் காகிதம், எதை எழுதினாலும் தாங்கும். பிறகு அடுத்த வரியைப் படித்தான், கண்ணைச் சுருக்கி இரண்டாவது தடவையும் படித்தான். "இதென்ன? 'கஞ்சிப் பாத்திரம் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே காணப்பட்டது. உரியவர் தெரியவில்லை.'"

செங்காவும் பிரைடியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆறு வாரத்துக்கு வேண்டிய சிரிப்பை அந்த நடைபாதையிலேயே சிரித்து முடித்தார்கள். வண்டிக்காரன் பாவம், பாத்திரத்தைத் தேடிக்கொண்டே இருந்தான்.

பதினாலாம் மாடியில் குளியலறை ஓர் ஆள் நுழைந்தால் நிறைந்துவிடும் அளவுதான். ஆனால் அதற்குள் தொட்டி இருந்தது, வெள்ளையாக, நீளமாக. சாமானெல்லாம் கட்டு பிரிக்காமல் கிடந்தது. ராபும் பெண்களும் லிஃப்டில் மேலேயும் கீழேயும் போய்வந்துகொண்டிருந்தார்கள், ஏழாவது தடவையாக. மத்தியான வெயில் ஜன்னலில் வழிந்தது. செங்கா நாய்களை மட்டும் எடுத்துத் தொட்டியின் கால்மாட்டு விளிம்பில் உட்காரவைத்து, கதவைத் தாளிட்டு, வலதுகைக் குழாயைத் தானே திருப்பினாள்.

சுடுதண்ணீர் வந்தது. யாரையும் கேட்காமல் வந்தது! கழுத்துவரை நிரப்பினாள், உள்ளே இறங்கினாள். கொஞ்சம் ஆறினபோது பழக்கத்தில் வாயைத் திறந்து "ஏழாம் நம்பருக்கு..." என்று ஆரம்பித்துவிட்டாள். ஆரம்பித்ததை நினைத்து அவள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் தளும்பித் தரையில் ஓடியது. காலை நீட்டி, கால் கட்டைவிரலாலேயே குழாயைத் திருப்பினாள்.

டக் டக் டக்.

உடம்பு தானாகப் பாதி எழுந்துவிட்டது. பதினைந்து வருஷத்துப் பழக்கம்.

"செங்கா! நான்தான், பிரைடி! உன் வாசக்கதவு திறந்தே கிடக்கு. இந்தா, அட்டை!"

"என்ன அட்டை?"

"முறை அட்டைடி! லாக்கியம்மா கொண்டுவந்துட்டா, மர்டாக் தெருவுலேர்ந்து. படி இல்லாட்டி என்ன, லிஃப்டு இருக்கே, அதைக் கழுவணுமாம். அன்னிக்கு அவ முறையை நீ பிடுங்கிட்டியாம், அதனால முதல் முறை உன்னுதுதானாம். அங்க வாளியோட நிக்கிறா! லிஃப்டைப் பிடிச்சு வச்சிருக்கா, ராப் உள்ள மாட்டிக்கிட்டு அவளுக்குக் கதை சொல்லிக்கிட்டிருக்கான்! என்ன சொல்லட்டும்?"

நாய்கள் இரண்டும் செங்காவைப் பார்த்தன. படியில் பிறந்தவள், நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு முறையைக்கூடத் தவறவிடாதவள், மெதுவாக மறுபடியும் கழுத்துவரை அமிழ்ந்தாள்.

"இங்க ஈரமா இருக்குன்னு சொல்லு!" என்று கத்தினாள். "காயறதுக்கு ரொம்ப நேரம் ஆகும்!"

கால் கட்டைவிரல் மறுபடியும் குழாயைத் தேடிப் போனது.